திருமணத்துக்கு முன் தாடை அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 23. கன்னங்கள் உப்பலாகவும் தாடை அகலமாகவும் இருப்பதால் முகம் சதுரமாகத் தெரிகிறது. ஐந்து மாதத்தில் திருமணம். பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர், "முகம் கொஞ்சம் பெரிசு" என்றது மனதை உறுத்துகிறது. கன்னக் கொழுப்பை எடுத்து, தாடை எலும்பையும் குறைத்துக்கொண்டால் திருமணத்துக்குள் சரியாகிவிடுமா?
– வாசகி, ஈரோடு.

பதில்: அன்புச் சகோதரிக்கு, ஐந்து மாதம் போதாது. தாடை எலும்பைக் குறைக்கும் அறுவைக்குப் பிறகு முக வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் மிக அதிகமாகி, முதல் சில வாரங்களில் பெருமளவு வடிந்துவிடும் என்றாலும், எஞ்சிய வீக்கம் முழுவதும் அடங்கி முகம் அதன் இறுதி வடிவத்தைப் பெற ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகலாம். ஆகவே திருமணத்துக்கு முன் அறுவை வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்வேன்.

பிறகு செய்வதானாலும், முதலில் முகத்தின் அகலத்துக்குக் காரணம் எது என்று தெரிய வேண்டும். காதுமடலுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில் இரு கைவிரல்களையும் வைத்துக்கொண்டு பற்களை இறுகக் கடித்துப் பாருங்கள். விரலுக்கடியில் உருண்டையாக ஒன்று புடைத்தெழுந்தால் அது மெல்லுவதற்கு உதவும் தசை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கமுள்ள பலருக்கு இந்தத் தசை பெருத்திருக்கும். அப்படியானால் எலும்பில் கை வைக்கத் தேவையில்லாமலே போகலாம். தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போட்டால் ஓரிரு மாதங்களில் தசை மெலியும், ஆனால் அந்தப் பலன் சில மாதங்களே நிற்கும் என்பதால் திரும்பவும் போட வேண்டியிருக்கும். கர்ப்ப காலத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் இந்த ஊசியைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம் என்பதால், திருமணத்துக்குப் பிந்தைய உங்கள் திட்டத்தையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கன்னக் கொழுப்பை எடுப்பது, வாயின் உட்புறம் சிறிதாகக் கீறிச் செய்யப்படும், அளவில் சிறிய அறுவைதான். எனினும் ஊசி, கொழுப்பு நீக்கம், எலும்புக் குறைப்பு ஆகிய மூன்றிலும் நான் அதிகம் தயங்குவது இதற்கே. 23 வயதில் உப்பலாகத் தெரியும் கன்னம், வயது ஏற ஏறப் பலருக்குத் தானாகவே வற்றுகிறது. இப்போதே எடுத்துவிட்டால் நாற்பதில் கன்னம் ஒட்டிப்போய், உள்ள வயதைவிடக் கூடுதலாகத் தெரியக்கூடும்.

எலும்புதான் காரணம் என்று ஸ்கேனில் தெரிந்தால், அறுவை முழு மயக்கத்தில் நடக்கும். பெரும்பாலும் வாய்க்குள்ளேயே கீறுவதால் வெளியே தழும்பு தெரியாது. முதல் நாட்களில் கஞ்சி, மோர், பழச்சாறு, பின்னர் குழைய வடித்த பருப்புச் சாதம் என்றுதான் சாப்பிட முடியும். ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். பலர் எதிர்பாராதது வலியை அல்ல, மரத்துப்போவதைத்தான். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு தாடை எலும்புக்குள்ளேயே ஓடுவதால், சோற்றுப் பருக்கை உதட்டில் ஒட்டியிருப்பதுகூடச் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ தெரியாமல் போகலாம். பெரும்பாலோருக்கு உணர்வு திரும்பிவிடுகிறது, சிலருக்கு ஓரளவு மரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடுகிறது. இதை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று யோசிக்காமல் சம்மதப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். தொற்று, இரத்தக்கசிவு, இரு பக்கமும் ஒன்றுபோல் அமையாமை ஆகியவையும் நேரக்கூடியவையே.

மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் சரியாகப் பொருந்தாமல் கடிப்பதில் சிரமம் இருந்தால், அது அழகுக்கான சிகிச்சையே அல்ல. பல மாதங்கள் பல்லுக்குக் கிளிப் போட்டு, பிறகு தாடையை நகர்த்தி டைட்டானியம் தகடுகளால் பொருத்தும் வேறொரு பெரிய சிகிச்சை.

யாரோ சொன்ன ஒரு சொல்லுக்காக எலும்பை அறுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சொல்லுக்கு முன்பே, பல ஆண்டுகளாக உங்களுக்கே இது குறையாகத் தோன்றியிருந்தால், திருமணம் முடிந்து ஓராண்டு கழித்து, அழகு நிலையத்துக்குச் செல்லாமல், முகத்தாடை அறுவையில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) அல்லது பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். (அறுவை மருத்துவ உயர்படிப்பு) முடித்த ஒருவரைப் பாருங்கள். அவர் செய்த அறுவைகளில், ஓராண்டு கடந்த பின் எடுத்த படங்களைக் காட்டும்படி கேளுங்கள். முதல் சந்திப்பிலேயே முன்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.