சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம்: பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்த மூன்று நாட்டு நாய்களையும் எப்படிப் பிரித்தறிவது என்று நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால், "அசல் சிப்பிப்பாறைக் குட்டி" என்று யாரோ முன்பணம் கேட்கிறார்கள் போலிருக்கிறது. பணத்தைக் கொடுக்காதீர்கள். தாயைக் காட்டச் சொல்லுங்கள். ஒன்றரை மாதக் குட்டிகள் எல்லாமே கொழுகொழுவென்று ஒரே மாதிரிதான் இருக்கும்.

ராஜபாளையம் சுலபம். வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, தொங்கும் காது, கனத்த எலும்பு. 2005இல் தபால்தலையில் வந்த நாய் அது. ஆனால் வெள்ளையாக இருப்பதெல்லாம் ராஜபாளையம் இல்லை. மூக்கு கறுப்பாக இருந்தால் யோசியுங்கள். அப்புறம், பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். காது கேளாத குட்டிகள் அதில் உண்டு.

சிக்கல் மற்ற இரண்டில்தான். கூர்முகம், இறங்கிய நெஞ்சு, ஒட்டிய வயிறு, சாட்டை மாதிரி வால் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. முதுகு கறுத்து, காலும் நெஞ்சும் பழுப்பாகி, கண்ணுக்கு மேல் இரண்டு பழுப்புப் பொட்டு இருந்தால் கன்னி. வெளிர்நிறம் என்றால் பால்கன்னி. செவலை, சாம்பல் என்று ஒரே நிறமாக இருந்தால் சிப்பிப்பாறை. இரண்டும் ஒரே இனம், நிறத்துக்கு ஒரு பெயர் என்று சொல்பவர்கள் எங்கள் சாத்தூர்ப் பக்கமே உண்டு. எனக்கும் பாதி அப்படித்தான் படுகிறது, சண்டைக்கு வராதீர்கள்.

என்னிடம் இருப்பது கருங்கன்னி. சென்னையில் எல்லோருக்கும் அது டாபர்மேன்! டாபர்மேனுக்கு முகவாய் கட்டையாகவும் தோள் திரண்டும் இருக்கும். இவளுக்கு இடுப்பெலும்பு இரண்டும் துருத்தி நிற்கும், ஓடிவிட்டு வந்து மூச்சு வாங்கினால் விலாவை எண்ணலாம். தடுப்பூசி போடப் போனால், டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அட்டையில் "டாபர்மேன் கலப்பு" என்று எழுதினார். கன்னி என்றேன். "அப்படி ஒரு பிரீடா?" என்றார். ஷிட்சூ என்ற வெளிநாட்டு நாய் வந்தால் மட்டும் பிழையில்லாமல் எழுதத் தெரிகிறது. அவருடைய வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை, தங்கமான கை.

அடுக்குமாடிக்காரர்கள் இன்னும் மோசம். "சோறே போடுறதில்லையா?" என்று கேட்டவர்களே லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அந்த லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடாது. பராமரிப்புப் பணம் மட்டும் ஒன்றாம் தேதியே கேட்பார்கள்.

சரி, கடைசியாக ஒன்று. ஓட்டப்பந்தயத்துக்காக கிரேஹவுண்ட் என்ற வெளிநாட்டுப் பந்தய நாயைக் கலந்தவையும் சிப்பிப்பாறை என்று விற்கப்படுகின்றன. தாயின் பின்னந்தொடையைப் பாருங்கள். சதை உருண்டு திரண்டிருந்தால் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள்.