வாசகர் கேள்வி பதில்: ஜெயிக்கற டீம்லேர்ந்து ஆளைத் தூக்கலாமா?

கேள்வி: பையன் அமெரிக்காவுல பென்சில்வேனியால இருக்கான், 2023-24 சீசன்ல ஹெர்ஷி பேர்ஸ் ஐஸ் ஹாக்கி மேட்ச் ரெண்டு மூணுக்குக் கூட்டிட்டுப் போனான். பிரமாதமா ஆடின ஒருத்தரை அடுத்த வாரம் காணோம், கேட்டா "மேல கூப்பிட்டுட்டாங்க"ன்னு சாதாரணமா சொல்றாங்க. ஜெயிச்சிட்டிருக்கற டீம்ல இப்படிக் கை வைக்கறது நியாயமா?
– வாசகர், ஆர்.கே.புரம்

பதில்: சார், நானும் முதல்ல இதே கோவத்தோடதான் பாத்தேன். ஹெர்ஷி ஆடறது ஏஎச்எல்ங்கற லீக், அதுக்கு மேல உச்சத்துல இருக்கற லீக் என்எச்எல், கீழ இசிஎச்எல். ஹெர்ஷிக்கு மேல இருக்கற டீம் வாஷிங்டன் கேப்பிடல்ஸ், அங்க ஒருத்தருக்கு அடிபட்டா இங்கேர்ந்து ஒருத்தர் அன்னிக்கே பையைத் தூக்கிட்டுக் கிளம்பணும். நம்ம ஊர்ல ரஞ்சி ஆடறவனை இந்தியா டீமுக்குக் கூப்பிட்டா தமிழ்நாடு டீமுக்கு நஷ்டம்தான், ஆனா யாராவது போகாதடான்னு சொல்வோமா, அந்த மாதிரிதான் இதுவும், என்ன, இங்க அது வாராவாரம் நடக்கும்.

ஹெர்ஷி கோல்கீப்பர் ஹண்டர் ஷெப்பர்டை எடுத்துக்கோங்க. டிராஃப்ட்ல, அதாவது இளம் ஆட்டக்காரங்களை டீம்கள் முறை வச்சுத் தேர்ந்தெடுக்கறதுல, எந்த என்எச்எல் டீமும் எடுக்கல, இசிஎச்எல்ல சவுத் கரோலினாவுக்கு ஆடி, அங்கேர்ந்து ஹெர்ஷி வந்து, 2023ல ஹெர்ஷி கோப்பை ஜெயிச்சப்ப பிளேஆஃப்ல, அதாவது சீசன் முடிஞ்சு கோப்பைக்காக நடக்கற நாக்அவுட் சுத்துகள்ல, சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினவரு. அந்த அக்டோபர்லதான் வாஷிங்டனுக்காக முதல் மேட்ச், அப்ப வயசு 27. அவரைக் கூப்பிட்டதை ஹெர்ஷிக்கு நஷ்டம்னு கணக்குப் பண்ண எனக்கு மனசே வரல, அதுக்காகத்தானே அந்த மனுஷன் இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருந்தாரு.

இப்படி ஆள் போறதும் வர்றதுமா இருந்தும் அந்த சீசன் 72 மேட்ச்ல 53 ஜெயம், 111 பாயிண்ட். ஜெயிச்சா ரெண்டு, கூடுதல் நேரத்துலயோ, அதுலயும் சமமானா ஒவ்வொருத்தரா கோல்கீப்பரை எதிர்த்து அடிக்கற ஷூட்அவுட்லயோ தோத்தா ஒண்ணு, அதான் கணக்கு. போனவங்க திரும்பி வர்றதும் உண்டு சார், ஹெண்ட்ரிக்ஸ் லப்பியேர் அந்த சீசன்ல முக்கால்வாசி வாஷிங்டன்லதான் இருந்தாரு, ஏப்ரல்ல வாஷிங்டன் என்எச்எல் பிளேஆஃப் முதல் சுத்துலயே நியூயார்க் ரேஞ்சர்ஸ்கிட்ட நாலு மேட்சும் தோத்து வெளிய வந்ததும் ஹெர்ஷிக்கு இறங்கி வந்தாரு, அந்தத் தடவை பிளேஆஃப் விருது அவருக்குத்தான்.

ஃபைனல்ல கோச்செல்லா வேலி ஃபயர்பேர்ட்ஸ் கூட ஆறாவது மேட்ச் நமக்கு ஜூன் 25 விடியக்காலைல. டெல்லி வெயில்ல ராத்திரியும் சுவர் சுடும், ஏர்கூலர் சத்தத்துல வீட்ல மத்தவங்க தூங்கறாங்க, நான் சவுண்டைக் கம்மி பண்ணிட்டு போன்ல பாக்கறேன், ஆட்டம் 4-4ன்னு ஓவர்டைம் போயிருச்சு, கலந்து வச்ச காபி மேல ஆடை படிஞ்சு கிடக்கு, தொடக்கூட இல்ல. மேட் ஸ்ட்ரோம் கோல் போட்டாரு, வாயைப் பொத்திக்கிட்டு எழுந்து நின்னேன். ஹெர்ஷிக்கு 13வது கால்டர் கோப்பை, ஏஎச்எல் சாம்பியனுக்குக் குடுக்கறது அதுதான்.

கேள்வி: ஹெர்ஷி கோல் போட்டதும் ஜனங்க பொம்மையா அள்ளி வீசற வீடியோ பாத்தேன். என்ன வேண்டுதலா?
– வாசகி, கரோல் பாக்

பதில்: வேண்டுதல் மாதிரிதான் வச்சுக்கோங்களேன். வருஷத்துக்கு ஒரு மேட்ச்ல ஹெர்ஷியோட முதல் கோல் விழுந்ததும் வீசுவாங்க, எல்லாத்தையும் பொறுக்கி உள்ளூர் தொண்டு அமைப்புங்களுக்குக் குடுத்துருவாங்க. 2024 ஜனவரில 74,599 பொம்மை, 2025 ஜனவரில 1,02,343! ஐஸே தெரியாது, பொம்மைங்க மேல நடந்துதான் ஆட்டக்காரங்க அள்ளிப் போடறாங்க. எனக்கு அதைப் பாத்தா ஒவ்வொரு தடவையும் கண்ணு கலங்கிரும்.

கேள்வி: என் பொண்ணுக்கு 11 வயசு, ஐஸ் ஹாக்கி ஆடணும்னு ஒரே அடம். டெல்லில இருந்துக்கிட்டு இதெல்லாம் நடக்குமா?
– வாசகர், மயூர் விஹார்

பதில்: நடக்கும், அடம் பிடிக்கட்டும் விடுங்க. முதல்ல இன்லைன் ஸ்கேட் வாங்கிக் குடுங்க, சக்கரம் நாலும் ஒரே வரிசைல இருக்கறது, ரெண்டு ரெண்டா இருக்கற பழைய மாடல் வேண்டாம். ஐஸ் பிளேடுல நிக்கற பேலன்ஸுக்கு அதுதான் கிட்ட வரும். ஹெல்மெட், முழங்கால் பேட் இல்லாம இறக்காதீங்க. ஐஸ் வேணும்னா டேராடூன்ல பெரிய ரிங்க் இருக்கு, 2025 ஆகஸ்ட்ல அங்க ஆசிய ஸ்பீட் ஸ்கேட்டிங் போட்டியே நடந்துச்சு, போறதுக்கு முன்னாடி மட்டும் தொறந்திருக்கான்னு போன்ல கேட்டுக்கோங்க. லடாக்ல ஜனவரில குளம் உறைஞ்சா பிள்ளைங்க அங்கேயே ஆடுதுங்க, நம்ம பெண்கள் டீம்ல பெரும்பாலும் அந்தப் பொண்ணுங்கதான், 2025ல ஐக்கிய அரபு அமீரகத்து அல் அய்ன்ல நடந்த ஆசியக் கோப்பைல வெண்கலம் வாங்கிட்டு வந்தாங்க. அந்த மேட்ச் வீடியோ கிடைச்சா பொண்ணுகூட உக்காந்து பாருங்க சார், அப்பறம் அவ என்ன சொன்னான்னு எனக்கு அவசியம் எழுதுங்க.