எதிர்கால டிராஃப்ட் தேர்வுகளைக் கொடுத்து நட்சத்திர வீரரை வாங்குவது ஓர் என்பிஏ அணிக்கு நல்லதா?

உங்கள் அணி இந்தக் கோடையில் இப்படியொரு பேரத்தில், அதாவது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஆண்டுதோறும் புதிய இளம் வீரர்களை எடுப்பதற்கான தன் முறையை (டிராஃப்ட் தேர்வு) விட்டுக்கொடுக்கும் பேரத்தில், இறங்கப்போகிறது என்றும், நண்பர்கள் எல்லோரும் கொண்டாடும்போது உங்களுக்கு மட்டும் வயிற்றைக் கலக்குகிறது என்றும் ஊகிக்கிறேன். நெட்ஸ் அணி புரூக்ளினுக்குக் குடிபெயர்வதற்கு முன்பு, நியூஜெர்சியில் ஆடிய காலத்திலிருந்தே அதன் ரசிகன் நான். அந்த ஒரு தகுதியே இதற்குப் பதில் சொல்லப் போதும் என்பது கூடைப்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

கொடுக்கலாம். ஆனால் வாங்கும் வீரர் கோப்பைக்கு எவ்வளவு அருகில் கொண்டுசேர்ப்பார் என்பதையும், கொடுக்கும் தேர்வு கைமாறும் ஆண்டில் அவர் நம் அணியில் இருப்பாரா என்பதையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் கொடுக்க வேண்டும்.

2013ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் அணி இவற்றில் எதையும் பார்க்கவில்லை. பாஸ்டன் செல்டிக்ஸிடமிருந்து 37 வயதான கெவின் கார்னெட்டையும் 35 வயதான பால் பியர்ஸையும், கூடவே ஜேசன் டெர்ரியையும் வாங்கிக்கொண்டு, சில வீரர்களோடு 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்தது. தொடர்ச்சியாக இரண்டு எதிர்கால ஆண்டுகளில் முதல் சுற்றுத் தேர்வே இல்லாமல் ஓர் அணி இருக்கக் கூடாது என்று என்பிஏவில் ஒரு விதி உண்டு. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டெபியன் தன் அணியின் தேர்வுகளை வாரி இறைத்ததால் வந்த விதி அது. அதனால்தான் ஒன்றுவிட்டு ஒன்றாக ஆண்டுகள் கைமாறின. ஆனால் இடைப்பட்ட 2017க்கும் ஸ்வாப், அதாவது இரு அணிகளின் இடங்களில் மேலானதை பாஸ்டன் எடுத்துக்கொள்ளும் உரிமை, எழுதிக் கொடுக்கப்பட்டது. எதற்கும் பாதுகாப்பு நிபந்தனை, அதாவது தேர்வு மிக மேலான இடத்தில் விழுந்தால் கொடுத்த அணியிடமே தங்கும் என்ற ஏற்பாடு, கிடையாது.

முந்தைய பருவத்தில் 49 ஆட்டங்களை வென்றிருந்த அணி, இவ்வளவையும் கொடுத்த பிறகு 44 ஆட்டங்களை வென்று, கோப்பைக்கான பிளேஆஃப் தொடர்களின் இரண்டாம் சுற்றில் மயாமியிடம் தோற்றது. பியர்ஸ் ஒரே பருவத்தில் வாஷிங்டனுக்குப் போனார். 2015 பிப்ரவரியில் கார்னெட்டும் மினசோட்டாவுக்குத் திரும்பினார். விதைநெல்லைக் குத்தித் தின்று முடித்தாகிவிட்டது, இன்னும் மூன்று ஆண்டுகளின் பாக்கி மட்டும் தலைக்கு மேல் நின்றது. 2016இல் எங்கள் இடமான மூன்றாவது தேர்வில் பாஸ்டன் ஜெய்லன் பிரவுனை எடுத்தது.

மறு ஆண்டு 20 வெற்றிகளோடு லீகிலேயே கடைசி இடம் எங்களுக்கு. மே 16 அன்று, கீழ்நிலை அணிகளில் எதற்கு முதல் தேர்வு என்று குலுக்கிப் பார்க்கும் லாட்டரியின் முடிவில், முதலிடத்துக்கான உறையைப் பிரித்தபோது உள்ளே இருந்த அட்டையில் செல்டிக்ஸ் சின்னம். முந்தைய நாள் இரவுதான் அதே செல்டிக்ஸ் வாஷிங்டனை ஏழாவது ஆட்டத்தில் வென்று கிழக்குப் பிரிவு இறுதிக்குப் போயிருந்தது! என் அலுவலகத்தில் பாஸ்டன்காரர் ஒருவர் அந்தப் பருவம் முழுவதும் எங்கள் அணியின் ஒவ்வொரு தோல்விக்கும் என் மேசைக்கு வந்து நன்றி சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் காலை டோனட் பெட்டியோடு வந்தார். அந்த முதலிடத்தை பிலடெல்பியாவிடம் கொடுத்து, மூன்றாவது இடத்தையும் பின்னாளைய முதல் சுற்றுத் தேர்வு ஒன்றையும் பெற்ற பாஸ்டன், ஜேசன் டேட்டமை எடுத்தது. 2024இல் அவர்கள் டாலஸை வென்று கோப்பையைத் தூக்கினார்கள். இறுதித் தொடரின் சிறந்த வீரர் பிரவுன்.

நடந்து முடிந்த பிறகு யாரும் இப்படிப் பேசலாம் என்பீர்கள். 2018இல் கார்னெட்டுக்கு 42 வயதாகும் என்பதைக் கணக்கிட முடிவு தெரிந்திருக்க வேண்டியதில்லையே. லேக்கர்ஸும் தேர்வுகளை அள்ளிக் கொடுத்துத்தானே 2020இல் வென்றது என்றும் சிலர் வருவார்கள். அவர்கள் வாங்கிய ஆந்தனி டேவிஸுக்கு அப்போது வயது 26.

நான் தேர்வுகளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளச் சொல்பவன் அல்ல. 2021 ஜனவரியில் நெட்ஸ் மீண்டும் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் நான்கு ஸ்வாப்களையும் ஹூஸ்டனுக்குக் கொடுத்து ஜேம்ஸ் ஹார்டனை வாங்கியதை இன்றும் ஆதரிக்கிறேன். கெவின் டுரான்ட், கைரி அர்விங் என்ற இரண்டு நட்சத்திரங்கள் ஏற்கெனவே அணியில் இருந்தார்கள். அந்தப் பருவப் பிளேஆஃபில் மில்வாக்கிக்கு எதிரான தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் டுரான்ட் போட்ட பந்து உள்ளே விழுந்தது. ஆனால் அவருடைய காலணி முனை கோட்டின்மேல் பட்டிருந்ததால் மூன்று புள்ளிகளுக்குப் பதில் இரண்டுதான் கிடைத்தது, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய்த் தோற்றோம். அந்த மில்வாக்கிதான் அந்த ஆண்டு கோப்பையை வென்றது. ஒரு காலணி முனை அளவுக்கு அருகில் போக விலை கொடுத்தது தவறே இல்லை. 2026, 2027 என்று தொலைதூர ஆண்டுகளையும் சேர்த்துக் கொடுத்ததுதான் கூடுதல். 2024இல் எங்களுடைய மூன்றாவது இடம் மறுபடியும் வேறோர் அணிக்கு, இம்முறை ஹூஸ்டனுக்கு, போனது. அதில் ரீட் ஷெப்பர்டை எடுத்தார்கள். அந்த ஜூனிலேயே, டுரான்டைக் கொடுத்து ஃபீனிக்ஸிடம் வாங்கிய தேர்வுகள் சிலவற்றை ஹூஸ்டனிடம் தந்து, 2025, 2026 ஆண்டுகளுக்கான எங்கள் சொந்த இடங்களை நாங்களே திரும்ப வாங்க வேண்டியதாயிற்று.

ஆகவே உங்கள் அணி ஏற்கெனவே கோப்பைக்கு அருகில் இருந்து, வரப்போகிறவர் முப்பதை ஒட்டியவர் என்றால் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளின் தேர்வுகளைத் தயங்காமல் கொடுக்கலாம். அதற்கு அப்பால் எதைக் கேட்டாலும், முதல் நான்கு இடங்களுக்குள் விழுந்தால் தேர்வு நம்மிடமே தங்கும் என்ற நிபந்தனையையாவது எழுதி வாங்க வேண்டும்; எதிர்த்தரப்பு அதற்கு இணங்காவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.