“எல்லாம் உன் வளர்ப்பு” என்கிறார் மாமியார்

அன்புள்ள மேடம்,

என் மகனுக்கு 8 வயது. போன வருடம் மனநல மருத்துவர் பார்த்துவிட்டு ஏடிஹெச்டி (கவனம் நிற்காமலும் துறுதுறுவென்றும் இருக்கும் பிரச்சினை) என்றார். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. “எல்லாம் உன் வளர்ப்பு” என்கிறார் மாமியார். கணவர் வாயே திறப்பதில்லை. டீச்சர் தினமும் டைரியில் புகார் எழுதி அனுப்புகிறார். வீட்டுப்பாடம் முடிய ராத்திரி 9.30 ஆகிறது, இரண்டு அடி வைத்தால்தான் பென்சிலை எடுக்கிறான். கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் நான் போவதில்லை. “என் பிள்ளைகளை இப்படியா வளர்த்தேன்” என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமியார் சொல்கிறார். ஃபீஸ் கட்டும் தேதியை மறந்தாலும், பால் பொங்கி வழிந்தாலும் அதற்கும் பேச்சு. சின்ன வயதில் நானும் இப்படித்தானாம், அப்பா பெல்ட்டை எடுத்த பிறகுதான் அடங்கினேன் என்று அம்மா சொல்வார், அதை விடுங்கள். மாமியார் வாயை எப்படி அடைப்பது? அதற்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள்.

- ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரி,

மாமியாருக்கு அப்புறம் வருகிறேன். ‘அதை விடுங்கள்’ என்று தாண்டிப் போனீர்களே, அதை என்னால் விட முடியவில்லை. ‘மகனுக்கு இது என்னிடமிருந்து வந்ததோ’ என்ற பயம் உங்களுக்குள் இருக்கிறது. மாமியாரின் சொல் இவ்வளவு குத்துவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஏடிஹெச்டி வளர்ப்பால் வருவதில்லை. பெருமளவு மரபுவழி வருகிறது. மரபில் வருவது யார் செய்த குற்றமும் இல்லை. இது இருக்கிற பெண் பிள்ளைகளில் பலர் ஓடியாடி ரகளை செய்யாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யார் கண்ணிலும் படாமல், ‘சோம்பேறி’, ‘மறதிக்காரி’ என்ற பெயரோடு வளர்ந்து அம்மாவும் ஆகிவிடுவார்கள். பிள்ளையை மருத்துவரிடம் கொண்டு போன பிறகுதான் தனக்கும் அது இருப்பதை அறிகிற அம்மாக்கள் உண்டு. உங்களுக்கு இருக்கிறது என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்லக் கூடாது. அடுத்த முறை மகனோடு போகும்போது உங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். மனசு ரொம்பக் கனக்கிற நாளில் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. பெல்ட் உங்கள் மறதியைப் போக்கவில்லை, பயத்தைத்தான் கொடுத்தது. அதே பயத்தை இப்போது மகனுக்குக் கொடுக்கிறீர்கள். அவனுக்கு வராததற்காக அவனை அடிக்கிறீர்கள். 9.30 மணிக்கு அவன் களைத்துப் போயிருப்பான். சாயங்காலமே பத்துப் பத்து நிமிடமாக, நடுவில் ஓடிவிட்டு வரச் சொல்லி எழுத வையுங்கள். டீச்சரிடம் பேசி வீட்டுப்பாடத்தைக் குறையுங்கள். முடியாத நாளில் நோட்டை மூடிவிடுங்கள், ஒன்றும் ஆகிவிடாது.

சரி, மாமியார். மருத்துவரிடம் கணவரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். அவர் சொல்வதைக் கணவர் தன் காதால் கேட்கட்டும். கேட்டதை வீட்டுக்கு வந்து தன் அம்மாவிடம் அவரே சொல்லட்டும். மருமகள் எத்தனை முறை சொன்னாலும் எடுபடாதது, மகன் ஒரு தடவை சொன்னால் எடுபடும்.