மாமியாருக்கும் பங்கு உண்டா?

கேள்வி: என் வீட்டுக்காரர் கஸ்டம்ஸ்ல 14 வருஷ சர்வீஸ். போன ஐப்பசில ராத்திரி ரோந்து போன ஜீப்பு கோடியக்கரை ரோட்டுல கவுந்து தவறிட்டார். ரெண்டு சின்னப் புள்ளைங்க. தாசில்தார் குடுத்த வாரிசு சர்டிபிகேட்ல மாமியார் பேரும் இருக்கு, அதனால வர்ற பணம் எல்லாத்துலயும் கால் பங்கு வேணும்ங்கறாங்க. நடுவுல திருவாரூர்க்காரர் ஒருத்தர் 25 லட்சம் வாங்கித் தர்றேன், 2 லட்சம் கமிஷன்ங்கறார். என்ன பண்றது?
- பேர் வேண்டாம், வேதாரண்யம்

பதில்: அந்த கமிஷன் ஆளை மொதல்ல வாசப்படி ஏத்தாதீங்கம்மா. டியூட்டில விபத்துன்னா மத்திய அரசு கருணைத்தொகை 25 லட்சம்ங்கறது 2016லேர்ந்து இருக்கற ஆர்டர், அவர் பாக்கெட்லேர்ந்து ஒண்ணும் தரப்போறதில்ல. நீங்க காட்ட வேண்டியது அன்னிக்கு அவர் டியூட்டிலதான் இருந்தார்ங்கறதை, அதுக்கு எஃப்ஐஆர், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், ஜீப்போட லாக் புக், டியூட்டி போட்ட ஆர்டர் நாலுக்கும் காப்பி இப்பவே வாங்கி வைங்க, நாளாச்சுன்னா லாக் புக்கைத் தேடறதே பெரும்பாடு.

மாமியார் விஷயம். வாரிசு சர்டிபிகேட்ல பேர் இருந்தா எல்லாத்துலயும் பங்குன்னு நம்ம ஊர்ல பாதிப்பேர் நெனச்சுக்கிட்டிருக்காங்க, அப்படி இல்ல. பேங்க்ல அவர் போட்ட பணம், அவர் பேர்ல உள்ள மனை, இதெல்லாம் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நாலு பேருக்கும் சமம், அந்தக் கால் பங்கை மல்லுக்கு நிக்காம குடுத்துடுங்க, அவங்களும் புள்ளையைப் பறிகொடுத்தவங்கதானே. ஆனா கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வேற. நாமினேஷன் எழுதியிருந்தா அதுபடி, எழுதலைன்னா உங்களுக்கும் புள்ளைங்களுக்கும் சம பங்கு, மாமியாருக்கு அதுல வராது. கருணைத்தொகையும் இதே கணக்குதான். கிராஜுவிட்டி எவ்வளவுன்னா, 14 வருஷத்துக்கு 20 மாச சம்பளம், அதாவது பேசிக்கும் டிஏவும் சேர்த்து 80000ன்னா 16 லட்சம்.

குடும்ப பென்ஷன் உங்களுக்குத்தான். ஆனா அவர் 2004க்கு அப்புறம் சேர்ந்தவர், அதனால என்பிஎஸ்ங்கற புது பென்ஷன் திட்டத்துல இருந்திருப்பார். இறந்தா பழைய பென்ஷன் விதிப்படி வேணும்னு ஆப்ஷன் எழுதிக் குடுத்திருக்காரான்னு ஆபீஸ்ல கேட்டுட்டுதான் எந்த ஃபாரத்துலயும் கையெழுத்து போடணும். பழைய விதின்னா சாதாரணமா மொதல் 10 வருஷம் கடைசி பேசிக்ல பாதி, அப்புறம் 30 சதவீதம்; டியூட்டில விபத்துன்னு ஏத்துக்கிட்டா பேசிக்ல 60 சதவீதம்.

லீவு சம்பளம் 300 நாள் வரைக்கும், குரூப் இன்சூரன்ஸ், ரெண்டையும் மறந்துடாதீங்க. இழுத்தடிச்சா ஆன்லைன்ல சிபிகிராம்ஸ்ங்கற மத்திய அரசு குறைதீர்க்கற தளத்துல புகார் போடுங்க, அதுக்கும் அசையலைன்னா சென்னைல மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கு.