ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி இருக்கும்போது எச்.ஐ.வி.க்குத் தடுப்பூசி எதற்கு?

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசிதான் வந்தாச்சே, இன்னும் ஏன் தடுப்பூசி ஆராய்ச்சி என்று கேட்டிருக்கிறீர்கள்.

லெனகாபவிர் தடுப்பூசி இல்லை, மருந்து. உடலுக்கு எதிர்ப்புச் சக்தியைக் கற்றுத்தராது. தோலுக்கடியில் தங்கி, மெல்லக் கரைந்து, வைரஸின் மரபுப்பொருளைப் பொதிந்திருக்கும் புரதக்கூட்டைச் செயல்படவிடாமல் தடுக்கும். அடுத்த ஊசியைத் தவறவிட்டால் பாதுகாப்பும் போய்விடும். பலன் என்னவோ அசத்தல்தான். தென்னாப்பிரிக்கா, உகாண்டாவில் நடந்த சோதனையில் இதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்று 2024இல் தெரிந்தது.

தடுப்பூசிக் கதை வேறு. 2009இல் தாய்லாந்துச் சோதனை 31 விழுக்காடு பலன் காட்டியது. அப்புறம் 2020இலும் 2023இலும் பெரிய சோதனைகள் பலனில்லை என்று நிறுத்தப்பட்டன. வைரஸ் அவ்வளவு வேகமாக உருமாறுகிறது.

சிங்கப்பூரில், தொற்று வராமல் தடுக்கத் தினசரி சாப்பிடும் 'பிரெப்' மாத்திரை, பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை தரும் டிஎஸ்சி மருந்தகத்திலேயே கிடைக்கிறது. பெயர் சொல்லாமல் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். என்னைக் கேட்டால், இங்கே பெரிய தடையாக இருப்பது மருந்து அல்ல, "யாராவது பார்த்துவிட்டால்?" என்ற பயம்தான். பலருக்கு நோய் முற்றிய பிறகே தெரியவருகிறது. பிரெப் வேண்டுமானாலும் முதலில் பரிசோதனைதான்: தொற்று இல்லை, சிறுநீரகம் சரி என்று பார்த்த பிறகே எழுதித் தருவார்கள்.