திறைசேரி உண்டியலில் சேமிப்பைப் போடலாமா? 2022இல் போட்டவள் சொல்கிறேன்

கேள்வி: இலங்கையில் சேமிப்புக் காசை வங்கி மூலமாகத் திறைசேரி உண்டியலில் (அரசாங்கம் ஒரு வருடம் வரை வாங்கும் குறுகிய காலக் கடன்) போடுவது பாதுகாப்பானதா? நிலையான வைப்பை விட இலாபமா?

போடலாம். பாதுகாப்புத்தான். இலாபமா என்றால், இன்றைய நிலையில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவசரக்காரர்கள் இதோடு போய்விடலாம். இந்தக் கேள்வியைப் பார்த்தால் என்னால் இரண்டு வரியில் நிறுத்த முடியாது. காரணம் கீழே வருகிறது.

நீங்கள் கேட்ட விதத்தைப் பார்த்தால், கையில் ஒரு தொகை சேர்ந்திருக்கிறது. ஓய்வு பெறும்போது கிடைத்ததாக இருக்கலாம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பியதாக இருக்கலாம். வைப்பு முதிர்ந்து, புதுப்பிக்கப் போன இடத்தில் சொன்ன வட்டியைக் கேட்டு மனம் விட்டுப் போயிருக்கும். 2022, 23இல் 20 சதவீதத்துக்கு மேலே வாங்கிப் பழகிய எங்களுக்கு இப்போது 8 என்றால் கசக்கத்தான் செய்யும். அப்போது யாரோ ஒருவர் "ட்ரெஷரி பில் போடுங்கோ" என்றிருப்பார். சரியா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நிதி ஆலோசகர் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள், அவ்வளவுதான். வங்கியில் வேலை செய்கிறவர்கள் கோபிக்க வேண்டாம், நீங்கள் எல்லோரும் அப்படி என்று நான் சொல்லவில்லை.

2022 ஒக்டோபரில்தான் நான் முதன்முதலில் உண்டியல் வாங்கினேன். அந்த வருடம் ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்திருந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். பெற்றோலுக்கு கியூ ஆர் அட்டையோடு வரிசை. இந்த நேரத்தில் அரசாங்கத்துக்குக் கடன் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னால் யார் சும்மா இருப்பார்கள்? கனடாவில் இருக்கும் அண்ணா தொலைபேசியில் கத்தினார்: "உனக்கென்ன விசரே? நாடு வங்குரோத்து எண்டு சொல்லிப்போட்டு நிக்குது, நீ அவங்களுக்குக் காசு குடுக்கப் போறியோ?"

அண்ணா சொன்னதில் பாதி சரி. அரசாங்கம் கட்ட முடியாது என்றது டொலர் கடனை. டொலரை மத்திய வங்கியால் அச்சடிக்க முடியாது, ரூபாயை முடியும். அந்த வருடம் அச்சடித்துக்கொண்டும் இருந்தார்கள். மத்திய வங்கி கையில் வைத்திருந்த அரச பிணையங்களின், அதாவது அரசாங்கக் கடன் பத்திரங்களின், பெறுமதி 2 திரில்லியன் ரூபாயைத் தாண்டியது அப்போதுதான். ஆகவே ரூபாய் உண்டியலுக்கு முதிர்வு நாளில் ரூபாய் வரும், அந்த ரூபாய்க்கு என்ன வாங்கலாம் என்பதுதான் கேள்வி என்று நான் கணக்குப் போட்டேன். இப்போது வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2023இல் வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், மத்திய வங்கி அரசாங்கத்திடமிருந்து நேரடியாக உண்டியல் வாங்குவதைத் தடுத்துவிட்டது. "அச்சடித்தாவது தருவார்கள்" என்ற என் பழைய சமாதானம் இன்று அப்படியே செல்லாது. அதற்குப் பதிலாக அரசாங்கத்தின் வரவு செலவு அன்றையதை விட ஒழுங்காக இருக்கிறது.

மத்திய வங்கி வாராவாரம் நடத்தும் உண்டியல் ஏலங்களில், அந்த ஒக்டோபரில் 91 நாள் உண்டியல் 32 சதவீதத்தைத் தாண்டி நின்றது, 364 நாள் 29ஐச் சுற்றி. குறுகிய காலத்துக்கு அதிக வட்டி, நீண்ட காலத்துக்குக் குறைவு. எனக்குத் தெரிந்த எல்லோரும் 91 நாளுக்குத்தான் ஓடினார்கள், கூட வட்டி என்று. நான் 364 எடுத்தேன். ஒரு வருடத்துக்குக் குறைந்த வட்டியைச் சந்தை ஏற்றுக்கொள்கிறது என்றால், வட்டி இறங்கப் போகிறது என்று பெரிய காசுக்காரர்கள் நினைக்கிறார்கள் என்பதுதானே பொருள்? இதற்குப் பட்டம் தேவையில்லை. 91 நாளில் போட்டவர்கள் முதலிரண்டு தடவை என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அப்புறம் சிரிக்கவில்லை.

வங்கி எனக்குத் தந்தது 28. ஏல வீதத்தை அப்படியே தரமாட்டார்கள். ஏலத்தில் நாங்கள் நேரடியாகக் கேட்க முடியாது, மத்திய வங்கி அதற்கென நியமித்த முதனிலை வணிகர்கள்தான் கேட்பார்கள். சில வங்கிகளே முதனிலை வணிகர்கள், மற்றவை அவர்களிடம் வாங்கித் தரும். இடையில் கொஞ்சம் வெட்டுவார்கள். புதன்கிழமை ஏலம், வெள்ளிக்கிழமை காசு கைமாறும். புதன் மாலையே முடிவுகள் மத்திய வங்கி இணையத்தளத்தில் வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு வங்கிக்குப் போங்கள். எவ்வளவு வெட்டுகிறார்கள் என்று தெரியாமல் போனால் அவர்கள் சொன்னதுதான் விலை. நான் இரண்டு வங்கிகளில் கேட்டுப் பார்த்தேன், வித்தியாசம் இருந்தது. ஆகக் குறைந்த தொகையும் வங்கிக்கு வங்கி மாறும்.

கணக்கு இப்படி. உண்டியலில் வட்டி தனியாக வராது, கழிவில் வாங்குகிறீர்கள். முகப்பெறுமதி 10 இலட்சம், 364 நாள், 28 சதவீதம் என்றால் இன்று கட்ட வேண்டியது ஏறக்குறைய 781,700 ரூபாய். முதிரும் நாளில் 10 இலட்சம். மாதாமாதம் வட்டி வந்தால்தான் மருந்துக்கும் மின்சாரப் பட்டியலுக்கும் ஆகும் என்பவர்களுக்கு உண்டியல் சரிவராது. மாத வட்டி வைப்புக்கே போங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இனி "பணவீக்கம் 70, உனக்குக் கிடைத்தது 28, நட்டம்தானே" என்று யாராவது கேட்பார்கள், ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்கள். 69.8 என்பது அதற்கு முந்திய ஒரு வருடத்தில் விலை ஏறிய அளவு. என் காசு உறங்கியது அதற்குப் பிந்திய வருடத்தில். 2023 செப்டெம்பரில் அதே சுட்டெண்படி பணவீக்கம் 1.3 சதவீதம். என் நட்டத்தை இப்போது நீங்களே போட்டுப் பாருங்கள்.

சரி, வாங்கிய விதத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்கு இன்னும் ஆறாத இடம். எங்கள் ஊரில் ஒரு தனியார் வங்கிக் கிளை, பெயர் வேண்டாம். முகப்பில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. "அன்ரி, அது பெரிய ஆக்கள் போடுறது, நீங்க எஃப்.டி. போடுங்கோ, நல்ல ரேட் தரலாம்" என்றது. வைப்பு எடுத்துக் கொடுத்தால் கிளையின் இலக்கு நிறையும், உண்டியல் விற்றால் நிறையாது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்டியல்தான் வேண்டும் என்று நின்றதும், கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் பேசி, ஒரு படிவக் கட்டை எடுத்து வந்தது. கணக்குத் திறக்கும் விண்ணப்பம், வாடிக்கையாளர் விபரம், வரி இலக்கம், முதிர்வுக் கட்டளை. எல்லாம் ஆங்கிலமும் சிங்களமும். தமிழில் ஒரு தாள் இல்லை. கிளை இருப்பது யாழ்ப்பாணத்தில். வாசலில் பொங்கல் வாழ்த்து மட்டும் அழகான தமிழில் ஒட்டியிருக்கும்.

அதைக்கூட விட்டுவிடலாம், எனக்கு ஆங்கிலம் வாசிக்க வரும். நான் தமிழில் கையெழுத்து வைக்கிறவள். அடையாள அட்டையிலும் அதே, சேமிப்புக் கணக்கிலும் அதே. படிவங்கள் கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டன, "கையெழுத்து ஒத்துப்போகவில்லை" என்று. நான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சுழி ஒன்று கொஞ்சம் நீண்டிருந்தது. முகாமையாளர் மரியாதையாகத்தான் கேட்டார்: "நீங்கள் இங்கிலீஷில் ஒரு சைன் வைத்தால் சுகம் அக்கா, அங்க இருக்கிறவைக்குத் தமிழ் தெரியாது." அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாத மொழியில் நான் பிறந்துவிட்டேன் போல. என் அம்மா பெருவிரல் அடையாளம் வைத்து அடகுக் கடையில் வாங்காத மரியாதைக் குறைவை நான் கணக்குப் படித்துவிட்டு ஒரு குளிரூட்டிய அறையில் வாங்கினேன். மாற்ற முடியாது என்று சொன்னேன். அந்த இழுபறியில் ஒரு ஏலம் போய்விட்டது. கடைசியில் அதே தமிழ்க் கையெழுத்தோடுதான் ஏற்றுக்கொண்டார்கள். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நீங்கள் நினைத்தால் நினையுங்கள். உங்களிடமும் அப்படிக் கேட்டால் மாற்றாதீர்கள்.

வாங்கிய பிறகு ஒரு உறுதிப்படுத்தல் கடிதம் தருவார்கள். அதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். முகப்பெறுமதி, வீதம், கொடுப்பனவுத் திகதி, முதிர்வுத் திகதி எல்லாவற்றோடும் ஒரு பிணைய இலக்கம் இருக்கும். உண்டியல் என்றால் எல்.கே.ஏ. என்று தொடங்கும், முறி, அதாவது பல வருடக் கடன், என்றால் எல்.கே.பி. அதை அடுத்து வரும் எண்களிலேயே காலமும் முதிரும் ஆண்டும் அடங்கியிருக்கும். என்னுடையதில் 364, அப்புறம் 23. தாள் உண்டியல் இப்போது கிடையாது. மத்திய வங்கியின் லங்காசெக்யூர் பதிவேட்டில் உங்கள் பெயரில் பதிவாகும், அதுதான் சொத்து. உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள்.

கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "அரச பிணையம்" என்று சொல்லிச் சில இடங்களில் விற்பது மீள்கொள்வனவு, அதாவது ரீபோ. அதில் நீங்கள் கொடுத்த காசுக்கு ஈடாகப் பிணையத்தை ஒதுக்கி வைத்து, குறித்த நாளில் அவர்களே திரும்ப வாங்குவார்கள். நேர்மையான இடத்தில் அதிலும் பிழை இல்லை. ஆனால் உங்கள் காசைத் திருப்பித் தர வேண்டியது அப்போது அரசாங்கம் இல்லை, அந்த நிறுவனம். 10 வருடத்துக்கு முன் ஒரு முதனிலை வணிகர் நிறுவனம் சரிந்தபோது அரச பிணையத்தில் போட்டோம் என்று நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டைப் பத்திரிகைகளில் வாசித்திருப்பீர்கள். ரீபோ வேண்டாம், நேரடியாக வாங்கித் தாருங்கள் என்று சொல்லுங்கள்.

வைப்போடு ஒப்பிட்டால் ஒரு வித்தியாசம் முக்கியம். வங்கி வைப்புக்குக் காப்புறுதி உண்டு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் வரை. அதற்கு மேல் வைத்திருப்பவர்களுக்குத்தான் உண்டியலில் உண்மையான அர்த்தம் இருக்கிறது. 5 இலட்சம் வைத்திருப்பவர் இதற்காகக் கிளைக்கு அலைய வேண்டிய தேவை இல்லை. வரியில் வித்தியாசம் இல்லை, 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 சதவீதம் இரண்டிலும்தான் பிடிக்கிறார்கள். இடையில் காசு தேவைப்பட்டால் உண்டியலை விற்கலாம், ஆனால் அன்றைய சந்தை வீதத்தில். வட்டி ஏறியிருந்தால் விலை இறங்கியிருக்கும்.

2023 ஜூன் கடைசி வாரத்தைச் சொல்லாமல் விட முடியாது. உள்நாட்டுக் கடனையும் மறுசீரமைக்கப் போகிறார்கள் என்று அறிவித்து, வங்கிகளை 5 நாள் தொடர்ந்து மூடினார்கள். வியாழன் ஹஜ் பெருநாள், திங்கள் போயா, நடுவில் வெள்ளியையும் விடுமுறையாக்கினார்கள். என் உண்டியல் முதிர இன்னும் மாதங்கள் கிடந்தன. அண்ணா அந்த 5 நாளும் அழைத்தார், "நான் சொன்னனான்" என்று சொல்வதற்காகவே. நான் அறிவிப்பை முழுதாக வாசித்தேன். மத்திய வங்கி தன் கையில் வைத்திருந்த உண்டியல்கள் மட்டும் முறிகளாக மாறும், மற்றவர்களின் உண்டியலில் கை வைக்கவில்லை. சுமை போனது ஓய்வூதிய நிதிகளின் பக்கம்: முறிகளை மாற்றிக்கொள், இல்லாவிட்டால் 14க்குப் பதிலாக 30 சதவீத வரி. ஊழியர் சேமலாப நிதியில் இருக்கும் தனியார் துறைக்காரர்களிடம் யாரும் கேட்கவில்லை. என்னைப்போல் வங்கிக்குப் போய் நின்று வாங்கியவர்கள் தப்பினோம், சம்பளத்தில் தானாக வெட்டுப்பட்டவர்கள் மாட்டினார்கள். அது நியாயமா என்று என்னிடம் கேட்டால் இல்லை என்பேன், ஆனால் நீங்கள் அதைக் கேட்கவில்லை.

ஒக்டோபரில் காசு வந்தது. திரும்பப் போடப் போனபோது 364 நாளுக்கு 13ஐச் சுற்றித்தான். இப்போது 8ஐச் சுற்றி. இன்றைக்கு உங்கள் வங்கி ஒரு வருட வைப்புக்கு அதே அளவு தந்தால், தொகை 11 இலட்சத்துக்குள் என்றால், வைப்பிலேயே விடுங்கள். அதற்கு மேல் என்றால் மிச்சத்தை உண்டியலில் போடுங்கள்.

வாங்கும்போதே முதிர்வுக் கட்டளையில் முதிர்வுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்: காசைக் கணக்கில் போடவா, திரும்ப வாங்கவா. வெறுமனே விட்டால் சேமிப்புக் கணக்கில் விழுந்து, சேமிப்புக் கணக்கு வட்டியில் கிடக்கும், ஒருவரும் உங்களை அழைத்துச் சொல்லமாட்டார்கள். அந்தப் படிவத்தில் இதற்கான பெட்டி இரண்டாம் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில் இருந்தது, ஆங்கிலத்தில்.